தேனீக்குத் தெரியாத நீலம்

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல!"

"கழட்ட முடியாதுன்னு நானும் சொல்றேன்ல!"

"ஏங்க, நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு..."

"நீங்க முழுசாச் சொன்னா என்ன, அரைகுறையாச் சொன்னா என்ன? இரும்புச் சட்டத்துல போல்ட் போட்டு முறுக்கி நிறுத்தியிருக்கு. கொடியில காயப்போட்ட துண்டா இது, நீங்க கூப்பிட்டதும் உருவி எடுக்க?"

"என் தேனீங்க எல்லாம்..."

"உங்க தேனீயா? ஓ! அது உங்க தேனீயா? அப்போ இதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்! பாருங்க, கொட்டி வெச்சிருக்கு!"

அவள் விரலை நீட்டியதுதான் தாமதம். இவ்வளவு நேரம் எகிறிக்கொண்டிருந்தவன் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"கொட்டிடுச்சா? எங்க? ஐயய்யோ, கிள்ளாதீங்க... கிள்ளினா இன்னும் உள்ள இறங்கும். இப்படிக் குடுங்க."

கேட்கவில்லை, அனுமதி வாங்கவில்லை. விரலைப் பிடித்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நகத்தால் பக்கவாட்டில் ஒரே ஒரு சுரண்டல். மயிரிழை போன்ற கொடுக்கு வெளியே வந்து விழுந்தது. அதைப் பார்த்து அவன் பெருமூச்சு விட்டான்.

"பாவம்... செத்துப்போயிருக்கும்."

"யாரு, நானா?"

"இல்லைங்க... தேனீ."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் வீங்கிக் கிடப்பவள் இவள், இரங்கல் தேனீக்கு! ஆனால் அந்தக் கண்கள்... கண்ணாடி இல்லாத அந்தக் கண்களில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. ஒரு பூச்சிக்காக இப்படி வருந்துகிற மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். அவள் சிற்பி. புதிதாகக் கட்டிய ஆராய்ச்சிக்கூடத்தின் முன்முற்றத்தில் வண்ணச் சிற்பம் ஒன்று நிறுத்தும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. கட்டடம் முழுக்க சாம்பல் நிறக் கான்கிரீட். புத்தகத்தை விரித்து நிறுத்தினால் தாள்கள் சாய்ந்து நிற்குமே, அப்படி வரிசை வரிசையாகச் சாய்ந்த சுவர்கள். காலையில் கம்பீரம், மத்தியானம் ஆனதும் நிழல் விழுந்து முற்றமே செத்துப்போகும். அந்த நிழலுக்குள் ஆளுயரத்தைப்போல் மூன்று மடங்கு உயரத்தில், பாய்மரம் போல வளைந்த ஏழு உலோகத் தகடுகள். வருகிறவர்கள் மஞ்சளில் நுழைந்து, ஆரஞ்சு, சிவப்பு என்று நடந்து, கடைசியில் நீலத்தின் வழியே கட்டடத்துக்குள் போக வேண்டும். இதுதான் அவள் திட்டம்.

ஏழில் முதலில் நிறுத்திப் பார்த்தது நீலத்தைத்தான். அதில்தான் எல்லாமே இருந்தது. நீலத்தைப் பக்கத்தில் நிறுத்தியதும் அந்தச் சாம்பல் சுவர்... அவளே நம்பவில்லை... இளவெயில் பட்டதுபோல் மெல்ல மஞ்சளித்தது. சுவருக்கு உடம்புச் சூடு வந்ததுபோல் இருந்தது. கட்டடத்தை வடிவமைத்த பெரிய மேடம், நரைத்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு, "இது என் சுவருதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த நீலத்தைத்தான் இவன் கழற்றச் சொல்கிறான்!

"அண்ணாந்து பாருங்க," என்றான் அவன். சண்டைக் குரல் போய் கெஞ்சல் வந்திருந்தது.

பார்த்தாள். அப்போதுதான் பார்த்தாள்... அந்த நீலத் தகடு முழுக்கத் தேனீக்கள். உட்காருவதும், நகர்ந்து முகர்வதும், எழும்புவதும், மறுபடி உட்காருவதுமாக நூற்றுக்கணக்கில். தொலைத்ததைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு அங்குலமாகத் துழாவிக்கொண்டிருந்தன.

"என்ன தேடுதுங்க?"

"சர்க்கரைத் தண்ணி. மொட்டை மாடியில பெட்டி வெச்சிருக்கேன். தோட்டத்து மூலையில நீலத் தட்டு. நீலம்னா இனிப்பு இருக்கும்னு பழக்கியிருக்கேன், நடுவுல கலரை மாத்தினா மொத்தமும் வீணாயிடும். ஒரு தேனீ கத்துக்கிட்டதைப் பெட்டியில இருக்கிற மத்ததுங்களும் எப்படிக் கத்துக்குதுன்னு பாக்குற ஆராய்ச்சி. நேத்து வரைக்கும் நல்லாப் போச்சு. இப்ப இம்மாம் பெரிய நீலத்தைக் கொண்டு வந்து நட்டு வெச்சிருக்கீங்க... இனிப்பு ஒரு சொட்டு கிடையாது. நீலம்னா பொய்னு கத்துக்குதுங்க."

நீலம்னா பொய்.

அந்த வார்த்தை அவளை என்னவோ செய்தது. அவள் சிற்பத்துக்கு வந்த முதல் ரசிகர்கள் ஏமாந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"கழட்ட மாட்டேன்," என்றாள். "ஆனா... துணி போட்டு மூடி வைக்கிறேன். போதுமா?"

*

"பெரிய போர்வையா வாங்கியிருக்கே? சிற்பத்துக்குக் குளிருதா?" மறுநாள் மாமா கேட்டார். அக்காவின் கணவர், வெல்டிங்கில் கைகாரர். அவள் வரைவதை எல்லாம் உலோகமாக்குவது அவர்தான்.

"சும்மா இருங்க மாமா."

"நான் சும்மாதான் இருக்கேன். ஊர்ல எந்தக் கொம்பன் சொன்னாலும் ஒரு ஆணியை இடம் மாத்தாதவ நீ. பூச்சி பிடிக்கிறவரு சொன்னதும் கூடாரமே போட்டுட்டே. அதான் கேட்டேன்."

"பூச்சி பிடிக்கிறவரு இல்ல. தேனீ ஆராய்ச்சி."

"ஓகோ... பட்டம் வேற குடுத்தாச்சா?"

அவள் உள்ளே போய்விட்டாள். கன்னம் சுட்டது. வெயில்தான், வேறென்ன...

அன்று மத்தியானம் தேனீக்காரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தான். 'மூடி வெச்சதுக்கு நன்றி' என்று சொல்லத் தெரியாமல், "பெயின்ட் மேடம், ஒண்ணு காட்டணும், வர்றீங்களா?" என்று சொல்லத் தெரிந்திருந்தது அவனுக்கு.

மேசையில் ஒரு கேமரா. பக்கத்தில் சின்னத் திரை. புல்வெளியில் கேட்பாரற்று முளைக்கிற மஞ்சள் பூ ஒன்றைப் பறித்து வைத்திருந்தான்.

"இது என்ன கலர்?"

"குழந்தைப் பள்ளிக்கூடமா நடத்துறீங்க? மஞ்சள்."

"முழுக்க?"

"முழுக்க."

"இப்ப பாருங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கு, ஊதாவுக்கும் அந்தப் பக்கம். தேனீக்கு அது தெரியும். இந்தக் கேமராவுக்கும் தெரியும்."

திரையில் அந்தப் பூ எழுந்தது. வெள்ளை இதழ்கள். நடுவில், யாரோ மையில் விரலை முக்கிச் சுற்றி வரைந்ததுபோல் கன்னங்கரிய வட்டம். 'இங்கே வா' என்று அழைக்கிற வாசல்.

அவள் பூவைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி பூவை. வெறும் மஞ்சள்தான்... சின்ன வயதிலிருந்து மிதித்து நடந்த பூ. அதற்குள் இப்படி ஒரு கோலமா! நிறமே பிழைப்பு என்று இருந்தவள் அவள். உலகத்தின் நிறங்கள் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். கண் முன்னாலேயே இன்னொரு உலகம் இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏங்க... அழறீங்களா?"

"பெயின்ட் வாடை."

"இங்க பெயின்ட்டே இல்லைங்களே."

"என் கையில இருக்கு! எல்லாத்துக்கும் ஆராய்ச்சி பண்ணாதீங்க."

அவன் சிரித்தான். கலைந்த தலையும், நெற்றியில் ஏறிய கண்ணாடியும், சின்னப்பையன் போல ஒரு சிரிப்பும்... 'சிரிச்சா அழகாத்தான் இருக்கு' என்று மனசு சொன்னது. 'வாயை மூடு' என்று அவள் மனசிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஏதாவது ஒரு சாக்கு தினமும் கிடைத்தது. ஒரு நாள் இலை. ஒரு நாள் அவள் வண்ணப்பெட்டியிலிருந்து சிவப்பு.

"தேனீக்கு சிவப்பு தெரியாதுங்க. வெறும் இருட்டு."

"என்னது! என் சிவப்பு அதுங்களுக்குக் கிடையவே கிடையாதா?"

"நமக்கு எத்தனை கிடையாதோ... யாருக்குத் தெரியும்?"

இப்படிச் சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குத் தேநீர் ஊற்றப் போய்விடுவான். அவளுக்கு அன்றைய வேலை ஓடாது.

*

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். பெரிய மேடம் வந்தார். போர்வை போர்த்திய தகட்டைப் பார்த்தார். காரணம் கேட்டார்.

"பச்சையா மாத்திடட்டுமா மேடம்?" அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா, நான் இந்தக் கட்டடத்தை வரைஞ்சு முடிச்ச நாள்லேருந்து எனக்கு ஒரு குறை. இதுல உயிர் இல்ல, எலும்புதான் இருக்குன்னு. உன் நீலத்தைப் பாத்தன்னைக்குத்தான் குறை தீர்ந்துச்சு. நீலம் இருந்தா சிற்பம் நிக்கட்டும். இல்லேன்னா சிற்பமே வேண்டாம், முற்றம் காலியாவே கிடக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது மாறாது என்று தெரிந்தது.

அவள் நேரே மொட்டை மாடிக்குப் போனாள். பெட்டிகளுக்கு நடுவே அவன் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான்.

"இந்தப் பெட்டிங்களைக் கொஞ்சம் தள்ளி, அந்தப் பக்கத்துக் கட்டடத்துல வெக்கக் கூடாதா?"

"முடியாதுங்க. தேனீ பெட்டியைப் பாத்து வீட்டுக்கு வர்றதில்ல, இடத்தைப் பாத்து வரும். பக்கத்துல மாத்தி வெச்சா, பழைய இடத்துக்கே வந்து, வீட்டைக் காணோமேன்னு சுத்திச் சுத்திச் சாகும். மாத்தினா இங்க இருக்கிற ஒரு மரமும் கண்ணுல படாத அளவுக்கு ரொம்பத் தூரமா மாத்தணும்."

"எல்லாத்துக்கும் முடியாது, முடியாது! என் மொத்த வேலையும் போகப்போகுது, தெரியுமா? உங்களுக்குத் தேனீ செத்தா மட்டும்தான் பாவம்!"

"நான் அப்படிச் சொல்லல..."

"தூரமாவே கொண்டு போங்களேன்! மலைக்கு அந்தப் பக்கம் கொண்டு போங்க! நானாவது நிம்மதியா வேலை செய்வேன்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அதன் எடை தெரிந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

இரண்டு நாள் அவனும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. மூன்றாம் நாள் பட்டறையில் மாமா வெல்டிங் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுச் சொன்னார்.

"உன் தேனீக்காரரு நம்ம வண்டியை வாடகைக்குக் கேட்டாரு."

"எதுக்கு?"

"பெட்டிங்களை ஏத்திட்டுப் போகணுமாம். மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ பண்ணை இருக்காம். வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதும், தேனீங்க எல்லாம் வீடு திரும்பினப்புறம் மூடி ஏத்தணும்னாரு. அவரும் அங்கேயே தங்கிடுவாராம். ஆராய்ச்சி முடிய எத்தனை வருஷமோ..."

அவள் கையிலிருந்த தூரிகை சொட்டிக்கொண்டே இருந்தது.

"நல்லதுதானே, உன் வேலை நடக்கும்," என்றார் மாமா.

"ஆமா. நல்லதுதான்."

"அப்புறம் எதுக்கு என் செருப்புமேல பெயின்ட் ஊத்துறே?"

'போகாதீங்க' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும். ஆனால் 'போங்க' என்று சொன்ன வாய் எப்படி அதைச் சொல்லும்... எதற்காக என்று கேட்டால் என்ன சொல்லும்...

*

அவன் அறையில் பாதி சாமான்கள் கட்டியாகிவிட்டது. கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அதைப் பிரிங்க," என்றாள், வாசலில் நின்றபடியே.

"எதுக்குங்க?"

"வேலை இருக்கு. பிரிங்க."

அவன் பிரித்தான். அவள் மேசையருகே வந்து நின்று தன் சட்டையைக் கேமராவுக்கு நேரே இழுத்துப் பிடித்தாள். தெளிவான யோசனை எதுவும் இல்லை அவளுக்கு. தேனீ பார்க்கிற மாதிரி தன் நீலத்தை ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சட்டை நிறைய நீலத் தீற்றல்கள். திரையில் எல்லாம் கறுப்பு. அவன் நீலத் தட்டும் அதே கறுப்பு. தேனீக்கு இரண்டும் ஒன்றுதான்.

"சரி, விடுங்க..." என்று சட்டையை விட்டவள், திரையில் எதையோ கண்டு அப்படியே நின்றாள்.

சட்டையில் இரண்டு வெள்ளைத் தீற்றல்கள். ஒன்று, நீலத்தை வெளுக்கச் செய்ய அவள் சேர்க்கிற வெள்ளை பெயின்ட். இன்னொன்று, தகட்டுக்கு அடிப்பூச்சு போடும்போது கலக்கிற வெள்ளைக் கல்பொடி. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை. திரையில்... பெயின்ட் கரி. கல்பொடி நிலா மாதிரி தகதகவென்று!

"ஏங்க..." என்றாள். குரல் கிசுகிசுத்தது. கோயில் கருவறை முன் பேசுகிறவர்கள் போல. "ரெண்டு வெள்ளை இருக்குங்க."

அவனும் குனிந்து பார்த்தான். இருவர் தலையும் இடித்துக்கொள்ளாத குறை.

"அப்போ..." என்றான்.

"அப்போ ரெண்டு நீலமும் இருக்கணும்," என்றாள்.

நம் கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்று. தேனீயின் கண்ணுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு!

சொல்வது சுலபம். அந்தக் கல்பொடி பெயின்ட்டில் விழுந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், நிறம் ஏறாது. தகடே அந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பட்டும் என்று அடிப்பூச்சைச் சுரண்டி எடுத்து, பளபளக்கிற வெறும் தகட்டின் மேலேயே பூசிப் பார்த்தாள். நீலப் பொடியை மாற்றினாள். மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. ஒவ்வொரு துண்டையும் கேமரா முன் வைத்துவிட்டு இருவரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கறுப்பு."

"சரி, அடுத்தது."

"கொஞ்சம் சாம்பல்."

"கொஞ்சம் போதாது. அடுத்தது."

வேறு பேச்சே இல்லை. போவதைப் பற்றி அவன் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. மூலையில் கட்டி வைத்த சாமான் மட்டும் 'வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை' என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

வியாழன் சாயங்காலம் பெரிய மேடத்தின் முன் இரண்டு நீலத் துண்டுகளை வைத்தாள். "எது பழசு, எது புதுசு மேடம்?" அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விளையாடாதே அம்மா, ரெண்டும் ஒண்ணுதான்," என்றார். திரையில் ஒன்று இரவு, மற்றது பகல்.

*

வெள்ளிக்கிழமை. இரவோடு இரவாகப் புதிய நீலம் பூசிய தகட்டை மாமா காலையிலேயே நிறுத்திவிட்டார். போர்வையை எடுக்கப் போகும்போது பிடித்தது பாருங்கள் மழை!

மழையில் தேனீ வெளியே வராது. மாமா லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு உள்ளே தூங்கப் போய்விட்டார். சாய்ந்த சுவர்களின் அடியில் அவனும் அவளும் நின்றார்கள். முற்றம் முழுக்க நீர் ஓடியது. சாரல் அவள் நெற்றிமயிரில் முத்து முத்தாக நின்றது. அவன் அதைப் பார்ப்பதும், அவள் திரும்பினால் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தான்...

"விடாதுபோல இருக்கே," என்றான்.

"விடும்."

"விடலேன்னா, சோதிக்காமலே நான் கிளம்பறதுதான் முறை. உங்க வேலையை வெச்சுப் பரீட்சை பண்ணக் கூடாது."

"விடும்னு சொல்றேன்ல."

விட்டது. ஒரு குழந்தை அழுகையை நிறுத்துகிற மாதிரி, திடீரென்று. மேகத்தைப் பிளந்துகொண்டு வெயில் இறங்கியது. அவள் ஓடிப்போய்ப் போர்வையை இழுத்தாள்.

ஈரத் தகட்டில் வெயில் பட்டு, நீலம் முற்றத்துத் தண்ணீரில் எல்லாம் இறங்கியது. நனைந்து கறுத்துக் கிடந்த சுவர்கள் ஒவ்வொன்றாகச் சூடேறிப் பொன்னாகின. அவன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான். இத்தனை நாள் கழற்றச் சொன்ன நீலத்தை அவன் இன்றைக்குத்தான் பார்த்தான்.

"இதையா..." என்றான். "இதையா நான் கழட்டச் சொன்னேன்?"

"உஷ்! வருது!"

மொட்டை மாடியிலிருந்து முதல் தேனீ இறங்கியது. பிறகு ஐந்தாறு. பிறகு ஒரு கூட்டம். நேரே தகட்டை நோக்கி வந்தன... அவள் அவன் சட்டைக் கையைப் பற்றினாள். பற்றியது அவளுக்கே தெரியாது. தகட்டின் முன்னால் ஒரு நொடி அந்தரத்தில் நின்றன. யார் வீட்டுக் கதவோ என்று பார்ப்பதுபோல... பிறகு ஒன்று விலகியது. இன்னொன்று. மொத்தக் கூட்டமும் ஒரு பெருமூச்சைப்போல் தகட்டைத் தாண்டி, தோட்டத்து மூலையில் இருந்த சின்ன நீலத் தட்டில் போய் இறங்கியது.

ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தனை பெரிய நீலம் வானம் முட்ட நிற்கிறது. அவற்றுக்கு அது அந்த நீலமே இல்லை! தான் கலந்த நிறத்தின் முன்னால் தானே சின்னவளாகி நின்றாள் அவள். அவள் பார்க்கவே முடியாத ஏதோ ஒரு நிறத்தில் அவள் கைவேலை அங்கே ஒளிர்ந்துகொண்டிருந்தது. அது என்ன நிறம் என்று சாகும்வரை அவளுக்குத் தெரியப்போவதில்லை...

அவன்தான் மெதுவாகக் கேட்டான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? நான் இன்னைக்குக் கிளம்பியிருந்தா உங்க பிரச்சினை ஒரே நாள்ல தீர்ந்திருக்கும். போங்கன்னு நீங்களேதான் சொன்னீங்க. அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடுபட்டீங்க?"

பற்றியிருந்த சட்டைக் கையை அப்போதுதான் கவனித்தாள். விட வேண்டும் என்று தோன்றியது. விடவில்லை. தரையில் கிடந்த நீலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சிற்பம் வரையும்போது, எவ்வளவு உயரம்னு தெரியறதுக்காகப் பக்கத்துல ஒரு ஆளை நிறுத்தி வரைவோம். சும்மா அளவுக்கு. மூஞ்சி கிடையாது, ஒண்ணும் கிடையாது, யாரோ ஒருத்தன். இத்தனை வருஷமா அப்படித்தான் வரையறேன். இந்தத் தடவை அந்த ஆளு கண்ணாடி போட்டுட்டு வந்து நிக்கிறான்... அதுவும் நெத்தியில. தலை கலைஞ்சிருக்கு. அழிச்சு அழிச்சுப் பாத்துட்டேன், போகவே மாட்டேங்கிறான். நான் என்னதாங்க பண்றது?"